எங்கள் கூத்துக் கொப்பியை மீட்டுத் தந்த உறவுகளுக்கு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு சிறிய ஊரின் வடமோடிக் கூத்துப் பாட்டுக் கொப்பிக்காக ஓடித் திரிந்த எல்லாருக்கும் எங்கள் நன்றி.

1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரை பறந்த வீட்டில் நனைந்து, 1990 இடம்பெயர்வில் தகரப் பெட்டியோடு அலைந்த கொப்பி அது. மிஞ்சிய தாள்களையும் கறையான் தொட்டிருந்தது. துரோபதை அரங்குக்கு வரும்போது பாடும் பாட்டான வரவுத் தரு இரண்டு அடியோடு நின்றுவிடும். அதற்குமேல் கூத்துப் பழக்கும் அண்ணாவியாருக்கும் நினைவில்லை.

அந்தத் தாளைப் படமெடுத்து முகநூலில் போட்டு, மிச்சம் யாருக்காவது தெரியுமா என்று கேட்டோம். சுவிஸில் இருக்கும் தங்கச்சி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, வாழைச்சேனையில் உள்ள தன் அம்மம்மாவுக்குப் போன் எடுத்திருக்கிறார். அம்மம்மாவின் தகப்பனார் அந்தக் காலத்தில் துரோபதைக்கு ஆடியவராம். இரண்டு நாளில் வட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது. பின்னால் கோழி கூவுகிறது. பாட்டை நடுவில் நிறுத்தி, "பொறு மகள், இதில தாளம் மாறும்" என்று சொல்லித் தொடையில் தட்டிக் காட்டுகிறார். கொப்பி முழுதாக இருந்திருந்தாலும் அந்தத் தட்டு அதில் இருந்திராது. அண்ணாவியார் மத்தளத்தை மடியில் வைத்துக்கொண்டு அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். அம்மம்மா, உங்களுக்குத்தான் முதல் நன்றி.

தங்கள் ஊர்க் கொப்பியை நம்பித் தந்த அயலூர் அண்ணாவியார் ஐயாவுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். சில அடிகளில் அவர்கள் பாடமும் எங்கள் பாடமும் வேறு. எது சரி என்று பின்னூட்டங்களில் பெரிய வாதமே நடந்தது. பிற்பாட்டுக்காரர் சொன்னபடி இரண்டையும் ஊர்ப் பெயரோடு எழுதி வைத்துவிட்டோம்.

வீடு வீடாகப் போய்த் தாள்களைப் படமெடுத்த தம்பி தங்கச்சிமாரே, வட்ஸ்அப்பில் சும்மா படமாக அனுப்பினால் எழுத்து மங்கிவிடும் என்று கண்டு, டொக்கியூமென்டாக அனுப்ப மற்றவர்களுக்கும் பழக்கியது நீங்கள்தான். 2005 முதல் ஈழத்து ஏடுகளையும் நூல்களையும் இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தின் வேலையைப் பார்த்துத்தான் எங்களுக்கும் இந்தத் துணிவு வந்தது.

கண்ணகி அம்மன் கோயில் ஏட்டையும் போடச் சொல்லிப் பலர் கேட்டீர்கள். வைகாசிச் சடங்கில் கதவு திறந்த பிறகே அதைப் படிப்பது எங்கள் ஊர் வழக்கம், வெளியில் விட வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். கோபிக்காமல் அதை ஏற்றுக்கொண்டீர்கள். ஊரின் சொத்தில் ஊரின் சொல்லுக்கு இடம் கொடுத்த அந்தப் பண்புக்குத் தனியாக நன்றி சொல்லத்தான் வேண்டும்.

தை பிறந்ததும் சட்டம் கொடுக்கிறோம், அதாவது ஆடுவோருக்கு அவரவர் பாட்டை எழுதிக் கொடுக்கிறோம். சதங்கை அணிகிற நாளையும் அரங்கேற்றத்தையும் முகநூலில் அறிவிப்போம். கட்டியகாரன் வரவில் இன்னும் ஒரு விருத்தம் குறைகிறது. தெரிந்தவர்கள் பாடி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஊர்க் கூத்துக் குழுவினர்