பச்சைத் தண்ணீரும் பாறைச் செடியும்

குலசேகரம்,
பொங்கல் கழிந்த மூன்றாம் நாள்.

அன்புள்ள செல்வராஜ்,

நேரில் என்றால் "மக்கா" என்றுதான் தொடங்கியிருப்பேன். பேனாவைப் பிடித்ததும் அந்தச் சொல் வர மறுக்கிறது, பொறுத்துக்கொள். உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் வைத்த செய்தியை இரண்டே வரியில் முடித்துவிட்டு, மேட்டூர் நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் தண்ணீர் பச்சைச் சாயம் கரைத்தது போலத் திரண்டு நாறியதை இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறாய் என்று என் மனைவி சிரித்தாள். "பேச்சிப்பாறையும் அணைதானே, அங்கே ஏன் இப்படி ஆவதில்லை?" என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தாய். அந்த ஒரு வரிக்குத்தான் இந்தக் கடிதம் முழுவதும்.

நீ பார்த்த பச்சை, பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசியாகத்தான் இருக்க வேண்டும். மைக்ரோசிஸ்டிஸ் என்று நாம் கல்லூரியில் படம் வரைந்து பாகம் குறித்தோமே, அந்த இனம். அதன் உயிரணுக்களுக்குள் காற்று நிறைந்த நுண்ணறைகள் இருப்பதால், காற்றடங்கிய வெயில் நாளில் அது மேலே எழும்பி ஆடை போலப் படிந்துவிடுகிறது. மற்ற பாசிகளுக்கு வெளிச்சம் போகாமல் தானே மறைத்தும் கொள்கிறது. அதில் சில வகைகள் ஈரலைக் கெடுக்கும் நச்சை உண்டாக்கும். அந்த நச்சு கொதிக்க வைத்தாலும் போகாது என்பதால், பச்சை படிந்த ஓரத்தில் மாட்டைத் தண்ணீர் குடிக்க விடவேண்டாம் என்று உன் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல். நுண்ணுயிர்க் கரைசலைத் தெளிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். தெளிக்கட்டும்; ஆனால் தண்ணீரில் இருக்கும் உரச்சத்து அப்படியே இருக்கும்வரை, அது சோற்றுப் பானையைத் திறந்து வைத்துக்கொண்டு ஈயை விரட்டும் வேலைதான் என்பது என் எண்ணம்.

ஓடுகிற ஆற்றில் இந்த மிதவை உயிர்களுக்குக் குடியிருக்க நேரம் கிடையாது. ஒரு பாசி இரண்டாகி நான்காகிப் பெருகச் சில நாட்களாவது வேண்டும்; அதற்குள் கோதையாற்றுத் தண்ணீர், குறுக்கே தடை இல்லையென்றால், தேங்காப்பட்டணத்தில் கடலில் கலந்துவிடும். மூக்கன் துரை என்று நம் பெரியவர்கள் சொன்ன வெள்ளைக்காரப் பொறியாளர் மிஞ்சின் துரை முன்னின்று, 1897-இல் தொடங்கி 1906-இல் முடித்த பேச்சிப்பாறை அணைச் சுவர், ஆற்றுக்கு உயரத்தை மட்டும் கொடுக்கவில்லை, நாட்களையும் கொடுத்தது. தண்ணீர் எத்தனை நாள் தங்குகிறது, தங்கும்போது அதில் என்ன சாப்பாடு கலந்திருக்கிறது என்ற இரண்டையும் கேட்டாலே ஓர் அணையின் நிறத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். பேச்சிப்பாறையின் முழு நீர்மட்டம் 48 அடி, மேட்டூருக்கு 120 அடி. இங்கே மேலே காடும் அதற்குக் கீழே ரப்பர் தோட்டமும். உனக்கு மேலேயோ வயல்களும் ஊர்களும் தங்கள் கழிவையெல்லாம் காவிரியில் சேர்க்கின்றன. போதாததற்கு இடவப்பாதியும் துலாமழையும் என்று இரண்டு மழை வந்து எங்கள் அணையை ஆண்டுக்கு இரண்டு தடவை அலசிவிடுகின்றன.

போன வாரம் பழைய பழக்கத்தில் அணைப் பக்கம் போனேன். பிளாஸ்டிக் வாளி மூடி ஒன்றுக்கு வெள்ளை வர்ணம் அடித்து, அடியில் ஒரு கல்லைக் கட்டி, முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் இறக்கினேன். தண்ணீரின் தெளிவை அளக்க 1865-இல் இத்தாலியப் பாதிரியார் செக்கி வெள்ளைத் தட்டை இறக்கிப் பார்த்த அதே வித்தைதான். நான்காவது முடிச்சு நனைந்த பிறகும் வெள்ளை மங்கலாகத் தெரிந்தது. தட்டு மறையும் ஆழத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு வரைக்கும் செடிக்குப் போதுமான வெளிச்சம் போகும் என்பது கணக்கு. பிறகு நைலான் துணி வலையில் வடித்த துளியை வீட்டு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டி போன்ற சிலிக்கா ஓட்டுக்குள் டயாட்டம் என்ற நுண்பாசிகள். நடுவில் இடுப்பு ஒடுங்கி, மூலைகளில் கை நீட்டிய நட்சத்திரம் போல டெஸ்மிட் என்ற பச்சைப் பாசிகள். சுண்ணாம்புச் சத்து குறைந்த, உரம் ஏறாத மென்னீரை விரும்பும் இனம் அது. அதைக் கண்டதும், உறவினர் வீட்டில் எல்லோரும் நலம் என்று கேட்டது போல இருந்தது. அந்தக் கூட்டத்தின் நடுவே டாப்னியா என்ற நீர்த்தெள்ளு ஒன்று காலை உதறி உதறிப் பாசியைத் தின்றுகொண்டிருந்தது. அதன் பச்சைக் குடல் வெளியே தெரிந்தது.

உரம் ஏறினால் என்ன ஆகும் என்பதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டையில் கட்லாக் குஞ்சு விட்டேன். கட்லா மேல்நோக்கிய வாயால் டாப்னியா போன்ற விலங்கு மிதவைகளை மேயும் மீன் என்பதால், மிதவை பெருகட்டும் என்று சாணத்தை வண்டி வண்டியாகக் கொட்டினேன். தண்ணீர் பச்சையாகித் தடித்தது, நான் பெருமைப்பட்டேன். பாசி பகலில் ஆக்சிஜனைக் கொடுத்தாலும் இரவில் அதையே சுவாசித்துத் தீர்க்கும் என்று நாற்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கு, மேகம் மூடிய இரண்டு நாள் கழித்து விடியற்காலை மீன்கள் வாயைப் பிளந்து மேலே மிதந்தபோதுதான் அது உறைத்தது. மனைவி இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் பெரிய தண்டனை.

நீர்ச்செடிகளைப் பற்றியும் கேட்டிருந்தாய். வேடிக்கை என்னவென்றால், அணைக்குள் அவை குறைவு. ஜூனில் திறந்தால் பிப்ரவரி முடியும்வரை கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகத்துக்கும் தண்ணீர் போவதால் மட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. வேரூன்றும் செடி ஒன்று ஓரத்தில் பிடிப்பதற்குள் ஒன்று மூழ்கும், இல்லையென்றால் காயும். ஆகவே கரையோரம் வெறும் செம்மண்தான். செடிகளெல்லாம் பாசனச் சானல் வழியாக இறங்கிக் குளங்களில் குடியேறிவிட்டன. தேரூர், வேம்பனூர்க் குளங்களில் ஒரு பக்கம் தாமரை, இன்னொரு பக்கம் அமேசானிலிருந்து வந்த ஆகாயத்தாமரை. இரண்டு குளங்களும் 2022-இல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடங்கள். ஆகாயத்தாமரைக்கு அந்த விவரம் தெரிந்ததாகத் தெரியவில்லை.

எனக்கு உண்மையில் கவலை தருவது இவை எதுவும் அல்ல, திற்பரப்பு அருவிப் பாறைகளில் இருக்கும் ஒரு சிறு செடி. பார்த்தால் பாசி, அல்லது கல்லில் காய்ந்து ஒட்டிய சோறு என்று நினைப்பாய். பொடோஸ்டெமேசி குடும்பத்தைச் சேர்ந்த பூக்கும் செடி அது. மழைக்காலம் முழுவதும் அருவி வேகத்தில் பாறையை இறுகப் பற்றிக்கொண்டு நீருக்கடியில் வளரும். தண்ணீர் வடிந்து பாறை வெளியே தெரியும்போதுதான் பூத்துக் காய்த்து மடியும். தூசி போன்ற அதன் விதை, அடுத்த மழையில் நனைந்ததும் பசையாகிப் பாறையில் ஒட்டிக்கொள்ளும். ஆறு எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்ற கணக்கே அதன் பஞ்சாங்கம். அந்தப் பஞ்சாங்கத்தை இப்போது மதகு எழுதுகிறது. பூக்கும் வேளையில் தண்ணீர் திறந்தால் பூ மூழ்கும். நீர் தேங்கி வண்டல் படிந்தால் பாறையே கிடைக்காது. பச்சைத் தண்ணீர் நாறியாவது தன்னைக் காட்டிக்கொள்கிறது. இது போனால் போனது கூடத் தெரியாது.

மாசி பிறப்பதற்குள் ஒரு நடை வா. அந்தப் பாறையில் உட்கார்ந்து லென்ஸ் வைத்துப் பூவைக் காட்டுகிறேன். வரும்போது மேட்டூர்த் தண்ணீரை ஒரு சிறு பாட்டிலில் எடுத்து, அயோடின் கரைசல் சில துளி விட்டுக் கொண்டு வா. பாசி கெடாமல் அடியில் படிந்துவிடும். மூடியை இறுக்கிப் போடு. சென்ற முறை நீ கொண்டுவந்த பாட்டில் ஒழுகி உன் வேட்டியெல்லாம் மஞ்சளானது எனக்கு மறக்கவில்லை.

அன்புடன்,
தாசன்