தோட்ட விதிகள் மண்ணைப் பார்த்து எழுதப்பட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை, கோவை புறநகர்களில் பெருகிவரும் வில்லா குடியிருப்புகளில், உரிமையாளர் சங்கங்கள் வகுக்கும் தோட்ட விதிகள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கின்றன. வாசலில் கொரியன் புல், ஓரத்தில் ஒரே உயரத்துக்குக் கத்தரித்த வேலிச்செடி, மீதி இடமெல்லாம் பேவர் பிளாக் என்னும் தரைக்கல். மழைத் தண்ணீர் எங்கே இறங்கும், வேர் எங்கே ஓடும் என்று அந்த விதிகள் கேட்பதே இல்லை.

மிகப் பெரிய கேடு பேவர் பிளாக் பதிக்கும் முறையில்தான் நடக்கிறது. ஜல்லியைத் திமிசு போட்டு இறுக்கி, மேலே 2 அங்குலம் மணல் பரப்பி, அதன்மேல் கல்லை அடுக்கி, இடுக்குகளையும் மணலால்தான் நிரப்ப வேண்டும். அப்போது மழை ஓரளவாவது கீழே இறங்கும். ஆனால், கல் ஆடாது, புல் முளைக்காது என்று சொல்லி அடியில் கான்கிரீட் போட்டு, இடுக்கில் சிமென்ட் கலவையைத் தேய்த்துவிடுகிறார்கள். அப்புறம் அது வெறும் சிமென்ட் தரைதான். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது. 500 சதுர அடியை இப்படி மூடினால் ஏறத்தாழ 65,000 லிட்டர் தெருவுக்கு ஓடும். கூரைத் தண்ணீருக்கு மட்டும் மழைநீர்க் குழி தோண்டிவிட்டு முற்றத்தை அடைத்துவிடுவது அரைகுறை வேலை. களிமண் பகுதியில் குழியின் நடுவே 10 முதல் 15 அடி ஆழத்துக்குத் துளை போட்டுக் கூழாங்கல் நிரப்பாவிட்டால் தண்ணீர் இறங்காமல் குழியிலேயே தேங்கிக் கொசு வளரும்.

மரத்தின் அடிவரை கல் பதிப்பதையும் விதியிலேயே தடுக்க வேண்டும். தண்ணீரும் சத்தும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் ஒன்றிரண்டு அடிக்குள்தான் இருக்கிறது. அங்கே காற்று போகாவிட்டால் வேர் அழுகும், பிடிமானம் போகும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது சென்னையில் சாய்ந்தவற்றில், அடியைச் சுற்றிச் சிமென்ட் பூசிய சாலையோர மரங்கள் ஏராளம். சின்ன மரத்துக்கும் 4 அடிக்கு 4 அடி திறந்த மண் விட்டாக வேண்டும். அதில் மண்ணைக் குவித்து அடித்தண்டைப் புதைக்கவும் கூடாது; பட்டை ஈரத்தில் ஊறி அழுகிவிடும்.

எந்த மரம் என்பதும் முக்கியம். காம்பவுண்டை ஒட்டிய 5 அடி செட்பேக்கில் (வீட்டைச் சுற்றி விடும் காலி இடத்தில்) ஆல், அரசு இனங்களும் தென்னையும் வேண்டவே வேண்டாம். சம்புக்கும் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) செப்டிக் டேங்குக்கும் பக்கத்தில் அத்தி இனம் எதையும் நடக் கூடாது. சுவரில் மயிரிழை விரிசல் இருந்தாலும் அதன் வேர் உள்ளே நுழைந்துவிடும். வேலிக்காக வைக்கும் கோனோகார்பஸை குஜராத் அரசு 2023-இல் தடை செய்தது. அதற்குப் பதில் நந்தியாவட்டை, செம்பருத்தி, இட்லிப்பூ போதும். கொஞ்சம் அகலம் இருந்தால் பவளமல்லி வைக்கலாம். முருங்கையைக் கம்பளிப்பூச்சிக்குப் பயந்து அடியோடு தடை செய்கிறார்கள். இது தேவையற்றது. ஆண்டுக்கொருமுறை 3 அடி உயரத்தில் கவாத்து செய்தால் மரம் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கும். மழைக்காலத்தில் பூச்சிகள் பகலில் அடிமரத்தில் அடையாக ஒட்டியிருக்கும்; அப்போதே அழித்துவிடலாம்.

புல்தரையைக் கட்டாயமாக்குவதையும் கைவிட வேண்டும். கோடையில் அது சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் கேட்கும். 200 சதுர அடிக்கு 90 லிட்டருக்கு மேல். வெயில் விழாத பக்கத்தில் கொரியன் புல் மெலிந்து கோரை ஏறிவிடும். வெயில் உள்ள இடத்தில் பொடுதலை, ஈர நிழலில் வல்லாரை என்று உரிமையாளர் விருப்பத்துக்கு விடலாம். சுத்திகரித்த கழிவுநீரைப் பாய்ச்சும் குடியிருப்புகளில் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரை நிறைய விட்டு, மேல்மண்ணில் சேர்ந்த உப்பைக் கீழே இறக்க வேண்டும்.

சங்கங்கள் அடுத்த பொதுக்குழுவில் விதியைத் திருத்தும்போது, செட்பேக்கில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு திறந்த மண்ணாக இருக்க வேண்டும் என்ற வரியை முதலில் சேர்க்கட்டும். ஏற்கெனவே சிமென்ட் பூசிய வீடுகள் மரத்தைச் சுற்றி மட்டுமாவது கல்லைப் பெயர்த்துவிடலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள் அதை முடிப்பது நல்லது.

இப்படிக்கு,
தோட்ட வடிவமைப்பாளர் ஒருவர்,
சென்னை