மழலையர் விளையாட்டுக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகளின் விளையாட்டு நேரத்தில் இவ்வாண்டு எழுத்தொலிக்கு முதலிடம் தந்தோம். பென்சிலைத் தொடவே இல்லை. காது பழகிய பிறகே கண்ணும் விரலும்.

துணிப்பை ஆட்டம்தான் அடித்தளம். பையில் மூன்றே பொருள்: மணி, மயில் பொம்மை, மர வடிவப் பொம்மை. ஒவ்வொன்றாக எடுத்து “ம்ம்ம்… மணி” என்று இழுத்துச் சொல்ல வேண்டும். மூன்றும் பழகியதும் நடுவில் ஒரு பந்தைப் போட்டால் பிள்ளையே அதை ஒதுக்கும். ம-வை இழுக்கலாம், ப-வை இழுக்க முடியாது, “ப, ப, பந்து” என்று தட்டித்தான் சொல்ல முடியும். அதனால் ம முதலில் வரட்டும். நான்கு செ.மீ.க்குச் சிறிய எதுவும் பைக்குள் போகக் கூடாது. புளியங்கொட்டையும் மஞ்சாடியும் தொண்டையில் சிக்கும்.

சொல்லின் முதல் ஒலியைக் கண்டுபிடிக்கும் ஆங்கில வகுப்பு ஆட்டம் தமிழுக்குப் பாதி தூரமே வரும். ட, ர, ல வரிசைக்கு டப்பா, ரயில், லாரி கைகொடுக்கின்றன. ண, ள, ழ சொல்லின் முதலில் வருவதில்லை. அவற்றை உள்ளேதான் தேட வேண்டும்: கண்ணு, மண்ணு, வெண்ணெய், புளி, பள்ளம், பழம், மழை, வாழை. ழ-வும் ர-வும் நாக்குக்குப் பிந்தியே வசப்படும். பிள்ளை “பயம்” என்றால் திருத்த வேண்டாம். “ஆமா, பழம்” என்று நாம் தெளிவாகச் சொன்னால் போதும்.

வீடுகளில் அடிக்கடி பார்ப்பது: “பானா, டானா” என்று எழுத்தின் பெயரைச் சொல்லித் தருவது. அப்படிப் பழகிய பிள்ளை ‘படம்’ என்பதைப் “பானா டானா இம்” என்றுதான் கூட்டும். ம் என்பதற்கு வாயை மூடி முனகினால் போதும். முன்னால் ஒரு ‘இ’ ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிப்பது கடினம். குறில் நெடிலுக்குக் கல்–கால், படம்–பாடம்: குறிலுக்கு ஒரு கைத்தட்டு, நெடிலுக்குக் கைகளை அகல விரிப்பது.

தொட்டுணரும் அட்டைகள் செய்யும் பயிற்சியும் நடந்தது. உப்புத்தாளில் எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டும் இது, இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி வகுத்த முறை. 1939-இல் அவர் அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார் என்பது நமக்குப் பெருமை. 15 செ.மீ. சதுர அட்டை, 10 செ.மீ. உயர எழுத்து, ஒரு விரல் அகலக் கோடு. சொரசொரப்பைக் குறிக்கும் எண்ணில் 120 உள்ள தாள் ஏற்றது; 80 விரலை உரசிப் புண்ணாக்கும், 220 வழுக்கிவிடும். தாளின் பின்பக்கம் வரைபவர்கள் இடவலம் மாற்றி வரைய வேண்டும். இல்லாவிட்டால் வெட்டித் திருப்பியதும் எழுத்து கண்ணாடிப் பிம்பமாகிவிடும். ட, ப, ம என்ற வரிசை நல்லது: ட கீழே இறங்கி வலப்பக்கம் போகிறது, ப அதோடு மேலே ஏறுகிறது, ம இன்னும் ஒரு வளைவு சேர்க்கிறது. விரல் போகும்போதே ஒலியும் வாயில் வர வேண்டும்.

“இது என்ன எழுத்து, சொல்லு?” என்ற கேள்வியைத் தவிர்க்கப் பெற்றோரை மன்றாடிக் கேட்கிறேன். “ப எங்கே? எடுத்துக் குடு” என்றால் பிள்ளை ஓடிப்போய் எடுக்கும், சொல்லச் சொன்னால் வாயடைத்து நிற்கும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைக்கிறார். ண, ள, ழ சொற்களுக்கான படப் பலகைகள் செய்யவும், துணிப்பைகளை வாரம் ஒரு வீடாகச் சுற்றுக்கு விடவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்