தூண்டில் சங்க ஆண்டறிக்கை: ரப்பர் மீன் படகேறிய ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயலாளர் அறிக்கை தொடங்கியதும் பாதிப் பேர் தேநீர் எடுக்கப் போய்விடுவது நம் சங்கத்தின் மரபு. அதனால் நிர்வாக விஷயங்களை முதலிலேயே முடித்துவிடுகிறேன். செயற்குழு ஒழுங்காகக் கூடியது. கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். வழக்கம்போல் தைப்பூச வாரத்தில் பயணம் எதுவும் வைக்கவில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் விடியற்காலைப் புயல்காற்று, நாம் 'சுமத்ரா' என்கிறோமே அது, சில பயணங்களைக் கெடுத்தது. முன்பணத்தைத் திருப்பித் தருவதில் ஒரு படகுக்காரரோடு வாக்குவாதம் வந்தது. வானிலை எச்சரிக்கை இருந்தால் பணம் திரும்ப வேண்டும் என்று இப்போது எழுதி வாங்கிக்கொள்கிறோம். அது போகட்டும்.

இந்த ஆண்டு சங்கத்தில் அதிகம் பேசப்பட்டதும் அதிகம் சண்டை போடப்பட்டதும் சாஃப்ட் பிளாஸ்டிக், அதாவது மீன் வடிவில் வரும் மிருதுவான செயற்கை இரை பற்றித்தான். நம்மவர்கள் வாயில் அது 'ரப்பர் மீன்'. பினாங்கின் பத்து மாவுங்கிலிருந்து ஆழக்கடலுக்குப் போகும்போது நாம் இதுவரை படகில் ஏற்றியது உயிர் இறால், சோத்தோங் (கணவாய்) துண்டு, ஒரே நூலில் பல கொக்கி கட்டிய அப்போலோ கட்டு, இவ்வளவுதான். ரப்பர் மீனெல்லாம் சியாக்காப் (கொடுவா) குளத்துக்குத்தான் சரி என்பது மூத்தவர்களின் கட்சி. இளையவர்கள் ஐந்து அங்குல ரப்பர் மீனோடு வந்து படகின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

முதல் பயணங்களில் மூத்தவர்கள் சிரித்தார்கள், சிரிக்கவும் காரணம் இருந்தது. இளையவர்கள் ஆளுக்கு ஒரு பெட்டி நிறைய நிறங்கள் வாங்கி வந்திருந்தார்கள். கடைக்குப் போனால் நாம் எல்லோரும் கேட்பது, எந்தக் கலர் ஓடுது என்றுதான். எத்தனை கிராம் என்று கேட்பவர் குறைவு. முகத்துவாரத்தில் 7, 10 கிராம் ஜிக் ஹெட் (ஈயத் தலை வைத்த கொக்கி) போட்டுப் பழகிய கை, அதையே 40 மீட்டர் ஆழத்தில் இறக்கியது. நீரோட்டத்தில் அது அடியைத் தொடவே இல்லை. நூல் படகுக்குப் பின்னால் காற்றாடி நூல் மாதிரி கிடையாகப் போய்க்கொண்டிருந்தது.

எடை சரியானதும் கதை மாறியது. இப்போது நாம் வைத்திருக்கும் முறை இதுதான்: ஜிக் ஹெட் அடியைத் தொடுவது கையில் தெரிய வேண்டும். தெரியும் எடைகளில் ஆகக் குறைந்ததைப் போட வேண்டும். ஓட்டம் மந்தமான நேரத்தில் 30 கிராம் போதும், கடுமையாக ஓடினால் 60, 80 வரை ஏற வேண்டியிருக்கும். நூலையும் கவனிக்க வேண்டும். தடித்த பி.இ. 3 பின்னல் நூலை விட மெல்லிய 1.5 நூலை நீர் இழுப்பது குறைவு, அதே எடை சீக்கிரம் கீழே போகும். படகு நகரும் திசையில் முன்னால் வீசினால், படகு நெருங்கி வரும் நேரத்தில் ரப்பர் மீன் அடியைத் தொட்டுவிடும். பின்னால் வீசினால் தொலைந்தது.

அடியில் இருந்து இரண்டு தூக்கு, பிறகு நூலைத் தளரவிடாமல் இறங்கவிடுவது. பாறையோர மீன்களான ஜெனஹாக்கும் கெராப்பும் (களவா) பெரும்பாலும் இறங்கும்போதுதான் அடிக்கின்றன. நூல் திடீரென்று தளர்ந்தாலும் அது கடியாக இருக்கலாம், உடனே சுற்ற வேண்டும். கெராப்பு என்றால் முதல் சில நொடியில் தலையைத் திருப்பாவிட்டால் பாறைக்குள் போய்விடும். தெங்கிரி (வஞ்சிரம்) கூட்டம் வந்தால் ரப்பர் மீனின் வாலைக் கத்திரித்துக்கொண்டு போகும். அப்போது ரப்பரை வீணாக்காமல் இரும்பு ஜிக்குக்கு மாறிவிடுங்கள்.

பயண நாள் பற்றி ஒரு முடிவு. பினாங்கில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் வேகம். அஷ்டமியை ஒட்டி, மலாய் மீனவர்கள் 'ஆயர் மாத்தி' என்று சொல்லும் மந்த நீர். ரப்பர் மீன் பயணங்களை இனி வீட்டு நாட்காட்டியைப் பார்த்து அஷ்டமி, நவமிப் பக்கமே வைக்கிறோம். அஷ்டமி நவமியில் யாராவது நல்ல காரியம் தொடங்குவார்களா என்று தலைவர் வீட்டம்மா கேட்டார். மீன் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை என்று பணிவோடு பதில் சொன்னோம்.

ரப்பர் மீனைக் கொக்கியில் கோர்க்கப் பயிற்சிப் பட்டறை ஒன்று நடத்தினோம். கூட்டம் நன்றாக வந்தது, மீ கோரேங்கும் இருந்தது. கொக்கியை ரப்பர் மீனின் பக்கத்தில் வைத்து அளந்து, வெளியே வர வேண்டிய இடத்தை முதலில் குறித்துக்கொள்ளச் சொன்னோம். நடுக்கோட்டில் இருந்து விலகினால் தண்ணீரில் சுழன்று நூலை முறுக்கிவிடும். மேல் பாகம் வழுக்கி இறங்காமல் இருக்க ஒரு சொட்டு சூப்பர் குளூ. வீசுவதற்கு முன் படகோரத்தில் ஒருமுறை நீந்தவிட்டுப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

சேமிப்பதும் பாடம்தான். ஓர் உறுப்பினர் தம் ரப்பர் மீன்களை வெள்ளை போலிஸ்டைரீன் பெட்டியில் போட்டுக் காரிலேயே விட்டுவிட்டார். பெட்டியில் ஓட்டை, மீன்கள் ஒரே உருண்டை. பி.வி.சி.யை மிருதுவாக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் போலிஸ்டைரீனைக் கரைக்கும். ஸி-மேன் போன்ற கம்பெனி மீன்கள் வேறு வகை ரப்பர், அவற்றைச் சாதாரண பி.வி.சி. மீன்களோடு சேர்த்து வைத்தால் ஒன்றை ஒன்று உருக்கிக்கொள்ளும். வாங்கிய உறையிலேயே வைத்திருப்பதுதான் நல்லது. பெர்க்லி கல்ப் என்ற ஈரமான செயற்கை இரை திறந்து கிடந்தால் காய்ந்து கல்லாகிவிடும். வால் மட்டும் வளைந்திருந்தால் வெந்நீரில் நனைத்து நேராக்கலாம்.

புரட்டாசியில் சைவம் இருப்பவர்கள் பலர் நம்மிடம் உண்டு. இரை இறாலைக் கொல்லாமல், பிடித்த மீனையும் விட்டுவிடும் பயணம் வேண்டும் என்று கேட்டார்கள். நல்ல யோசனை, ஆனால் ஆழத்தில் சரிப்படாது. அடியில் இருந்து வேகமாக ஏறிய மீனுக்குக் காற்றுப்பை உப்பிவிடும். மேலே விட்டால் மிதந்தே சாகும். மீனை மறுபடி ஆழத்துக்கு இறக்கிவிடும் எடைக் கருவி சங்கத்திடம் இல்லை, வாங்க உத்தேசம். அதுவரை ஜெரெஜாக் தீவுப் பக்கம் ஆழம் குறைந்த இடத்தில்தான் அந்தப் பயணம். இதை விரதமாக எண்ணலாமா என்ற விவாதத்துக்குள் செயற்குழு போகவில்லை.

மூத்தவர்களின் ஒரு புகார் நியாயமானது. கிழிந்த ரப்பர் வால்கள் கடலில் விழுகின்றன. அவை மக்குவதில்லை, மீன் விழுங்கினால் வயிற்றில் தங்கிவிடும். இனி ஒவ்வொரு பயணத்திலும் ஒரு பழைய மைலோ டின் வரும், கிழிந்தது எல்லாம் அதற்குள்தான். எரிக்காதீர்கள், பி.வி.சி. புகை அமிலம். உருக்கி மறுபடி வார்க்கலாம், ஆனால் சமையலறையிலோ சாப்பாடு சூடாக்கும் மைக்ரோவேவிலோ கூடாது. ஈய ஜிக் ஹெட்டைத் தொட்ட கையைக் கழுவாமல் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிப்பவர்கள் யார் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

வடக்கே கெடா கடலில் இருக்கும் பாயார் தீவு கடல் பூங்கா. தீவைச் சுற்றி 2 கடல் மைலுக்குள் மீன்பிடிக்கத் தடை. ரப்பர் மீன் இரையில்லையே என்று வாதாடிய தம்பிகளுக்குச் சொல்கிறேன், பிடிப்பதுதான் தடை, எதை வைத்துப் பிடித்தாலும்.

என் கருத்தைக் கேட்டால், இரை இறாலை ரப்பர் மீன் விரட்டிவிடப் போவதில்லை. நீர் கலங்கிக் கிடக்கும் நாளில் வாசனைக்கு இறால்தான். தண்ணீர் தெளிந்து, ஆழத்தில் துக்குன் (மீன் தங்கும் திட்டு) இருக்கும் இடத்தில் இளையவர்கள் பக்கம் நிற்கிறேன். அடுத்த ஆண்டு படகின் முன்பக்கம் வீசுபவர்களுக்கு, பின்பக்கம் இரை போடுபவர்களுக்கு. படகோட்டும் தெக்கோங்கும் இதற்குச் சம்மதித்துவிட்டார்.

இந்தக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவு இலாகாவுக்கு ஆண்டு அறிக்கை போக வேண்டும். சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே பொருளாளரைப் பார்க்கவும். சங்கத்தின் பெரிய கைவலையை எடுத்துப் போனவர் திருப்பித் தரவும், ஏன் தாமதம் என்று கேட்க மாட்டோம்.

நன்றி.

செயலாளர்