‘மூச்சைக் கவனி’ என்றால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

புற்றுநோயாளிகளின் மன அமைதிக்கு ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ எனும் முழுக்கவனப் பயிற்சியைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ‘கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சிகிச்சையில் இருப்பவருக்குச் சில நேரம் இதுவே வம்பாகிவிடும். நெஞ்சில் நீர் கோத்தவர் மூச்சைக் கவனிக்கக் கவனிக்கத் திணறல் கூடுவதாகவே உணர்வார். அவர் கட்டில் கம்பியைத் தொடும் உள்ளங்கையைக் கவனித்தால் போதும். பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து ஏறுபவர்களில் பலருக்குக் கால் மதமதக்கும். அவர்களைப் பாதத்தைக் கவனிக்கச் சொல்லக்கூடாது.

ஐந்து நிமிடம், கண்ணைத் திறந்தபடியே இப்பயிற்சியைச் செய்யலாம். முதலில் கவனிக்க வேண்டியது, மடியில் கிடக்கும் கைகளின் கனம், சூடு. அடுத்து தூரத்துச் சத்தம் ஒன்று, பக்கத்துச் சத்தம் ஒன்று. ‘ஸ்கேன்ல என்ன வருமோ’ என்று மனம் ஓடினால், ‘கவலை’ என்று உள்ளுக்குள் சொல்லிவிட்டுக் கைக்குத் திரும்ப வேண்டும். ‘மனசு நிக்கவே மாட்டேங்கு’ என்று முதல் வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். ஓடிய மனதைத் திருப்பிக் கொண்டுவருவதுதானே பயிற்சி! முதல் கீமோவுக்கு முன்பே வீட்டில் பழகிவிட வேண்டும். குமட்டல் வந்தபின் புதிதாக எதையும் கற்க முடியாது.

முகமூடி மாட்டிக் கரண்ட் வைக்கும்போது (கதிர்வீச்சுச் சிகிச்சை) சிலருக்குப் பதற்றம் வரும். கையை உயர்த்தினால் நிறுத்த வேண்டும் என்று டெக்னீஷியனிடம் முதலிலேயே பேசிக்கொள்ளட்டும். பிறகு வெளிமூச்சைப் பத்துவரை எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கலாம். டெக்சா (டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து) போட்ட அன்று தூக்கம் வராவிட்டால் அது மருந்தின் வேலை, பயிற்சியின் குறையல்ல.

கவனித்துக்கொண்டு சும்மா இருக்கக்கூடாத நேரமும் உண்டு. ஊசி ஏறும் இடம் எரிந்தால் உடனே சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் அன்றே ஆஸ்பத்திரி. இரண்டு வாரமாகச் சோர்வு தீராமல் எதிலும் பிடிப்பற்றுப்போனால் மனநல மருத்துவர். வாழவே வேண்டாம் என்ற நினைப்பு எட்டிப்பார்த்தாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்கக்கூடாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 இலவசம், இரவிலும் எடுப்பார்கள்.

பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் இப்பயிற்சியை அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2023இல் பரிந்துரைத்தது. கட்டி கரையும் என்று அதில் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிக் காசு கேட்பவரை நம்பவேண்டாம்.

இப்பயிற்சிக்கென 1979இல் அமெரிக்காவில் தொடங்கிய 8 வார வகுப்பு, சங்கரன்கோவிலிலிருந்து பஸ் மாறி வருபவருக்கு ஒத்துவராது. கீமோவுக்கு முன் ரத்தப் பரிசோதனை முடிவுக்காக எப்படியும் காத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில், துணைக்கு வந்தவரையும் உட்காரவைத்து, பாளையங்கோட்டை மருத்துவமனைகளில் செவிலியர்களே இதைச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு வேண்டும்.

– மன ஆற்றுப்படுத்துநர்கள், பாளையங்கோட்டை