பொதுக்குழுவில் வாசிக்கப்பட்ட செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பெற்றோர் அனைவருக்கும் வணக்கம். சிறப்புக் குழந்தைகளின் பெற்றோர் சங்கத்தின் கடந்த ஆண்டுச் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

நம் பிள்ளைகளைப் பற்றிப் பள்ளியில் என்ன பதியப்படுகிறது, அதற்கு யார் பொறுப்பு என்பதே இவ்வாண்டு நாம் முதன்மையாக எடுத்துக்கொண்ட பணி. குறைபாட்டின் வகை, அடையாள அட்டை எண், உதவித்தொகை, வழங்கிய உபகரணம் ஆகியவை பெரும்பாலும் ஒழுங்காகவே பதியப்படுகின்றன. பிள்ளை என்ன கற்றது என்பதைத்தான் தேட வேண்டியிருக்கிறது. உறுப்பினர் ஒருவரின் மகனுக்கான தனிநபர் கல்வித் திட்டத்தில், அதாவது அவனுக்கென்று தனியே வகுத்த கற்றல் இலக்குகளைப் பதியும் ஆவணத்தில், மூன்று பருவங்களிலும் ‘முன்னேற்றம் உள்ளது’ என்ற ஒரே வரி எழுதப்பட்டிருந்தது. எதில், எவ்வளவு என்று கேட்ட தாய்க்கு அந்தப் பள்ளியில் பதில் கிடைக்கவில்லை.

இது சலுகையாகக் கேட்பதன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் மாற்றுத்திறன் மாணவர் ஒவ்வொருவரின் பங்கேற்பையும், கற்றல் அடைவையும், படிப்பை நிறைவு செய்வதையும் கண்காணிக்க வேண்டும் என்கிறது. பள்ளி செல்லும் பிள்ளைகளிடையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுத்து, மாற்றுத்திறன் பிள்ளைகளைக் கண்டறிந்து, அவர்களுடைய தேவைகள் எந்த அளவுக்கு நிறைவேறியுள்ளன என்று அறிய வேண்டும் என்கிறது 17ஆம் பிரிவு. சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ ஆட்டிசத்துக்கும் கற்றல் குறைபாட்டுக்கும் தனி இடமே இல்லை. கணக்கில் வராத பிள்ளைக்கு ஆசிரியர் பணியிடமும் வராது. தொடக்க நிலையில் பத்துப் பிள்ளைகளுக்கும், அதற்கு மேல் பதினைந்து பிள்ளைகளுக்கும் ஒரு சிறப்பாசிரியர் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் வகுத்த விகிதத்தைக் கேட்டுப் பெறுவதற்கும் சரியான எண்ணிக்கைதான் அடிப்படை.

சிறப்பாசிரியர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. பல பள்ளிகளுக்கு முறைவைத்துச் செல்லும் ஒருவரால் ஒவ்வொரு பிள்ளைக்கும் விரிவாக எழுத இயலாது என்பதை அறிவோம். ஆகவே அவர்களின் ஆலோசனையைப் பெற்று, வீட்டிலும் பள்ளியிலும் நிரப்பத்தக்க ஒருபக்கப் பதிவுத்தாளைத் தயாரித்தோம். ‘எண்களை அறிவான்’ என்பதற்குப் பதிலாக, ‘ஐந்து பொருள்களை எண்ணித் தரச் சொன்னதில் பத்துக்கு ஆறு முறை சரியாகத் தந்தான்’ என்று அதில் எழுதப்படும். நடக்காமல் போன பயிற்சி வகுப்புக்கும் அதில் ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பத் தயங்க வேண்டாம் என்று பெற்றோரை வலியுறுத்துகிறேன்.

பிள்ளைகளின் மருத்துவச் சான்றுகளையும் மதிப்பீட்டுத் தாள்களையும் வாட்ஸ்அப் குழுவில் பகிர வேண்டாம். அவை பிள்ளையின் உடைமை.

வரும் ஆண்டில் ஒவ்வொரு பருவ முடிவிலும் தனிநபர் கல்வித் திட்டத்தின் நகலைப் பெற்றோருக்கு வழங்கக் கோரி பள்ளிக் கல்வித்துறையின் வட்டார வள மையத்தில் மனு அளிக்கவும், எழுத்துப்பூர்வமான பதில் வராவிடில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. இப்பரிந்துரையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.