ஞாயிறு இரவு பில் போட இயலாது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய கடை உரிமையாளர்களுக்கு,

வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை இரவு 10 மணி முதல் திங்கள் காலை 5 மணி வரை எங்கள் பில்லிங் மென்பொருள் இயங்காது. உங்கள் கணக்குகள் அனைத்தையும் அன்றிரவு புதிய சர்வருக்கு மாற்றுகிறோம்.

இதற்கு ஏழு மணி நேரமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உங்கள் பில்கள் அட்டவணைகளாகச் சேமிக்கப்பட்டுள்ள தரவுத்தளம் இன்று 310 ஜிபி. புதிய சர்வரின் வட்டு 480 ஜிபி. பார்வைக்குத் தாராளம்தான். ஆனால், எல்லாவற்றையும் முதலில் ஒரே கோப்பாக எடுத்துப் புதிய சர்வரில் வைத்து, அதிலிருந்து ஏற்றும் வழக்கமான முறையில், அந்தக் கோப்பும் ஏறிய அட்டவணைகளும் ஒரே வட்டில் இருந்தாக வேண்டும். அதற்கு இந்த இடம் போதாது. பெரிய வட்டு வாங்கினால் செலவு உங்கள் சந்தாவில்தான் வந்து விழும். ஆகவே கோப்பு எதையும் உருவாக்காமல், பழைய சர்வரில் படிப்பதை அப்படியே சுருக்கி, ஒவ்வோர் அட்டவணையாகப் புதியதற்குள் நேரடியாக அனுப்புகிறோம்; அதற்கே இந்த ஏழு மணி நேரம்.

ஒத்திகையில் ஒரு முறை கோட்டை விட்டோம். எங்கள் தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல் 8.0, தன்னிடம் வந்து சேரும் ஒவ்வொரு மாற்றத்தையும் பைனரி லாக் என்ற தனிப் பதிவிலும் தானாகவே எழுதி வைக்கும். அதை நிறுத்தாமல் ஏற்றியதால், பில்கள் ஏற ஏற அந்தப் பதிவும் கூடவே வளர்ந்து, விடியற்காலையில் வட்டு நிரம்பி வேலை நின்றுவிட்டது. தவறு எங்களுடையதே, பழைய சர்வரில் எதையும் மாற்றாததால் உங்கள் கணக்குக்குப் பாதிப்பில்லை. இம்முறை ஏற்றி முடியும்வரை அதை நிறுத்தி வைக்கிறோம்.

பழைய பில்களை அழித்துவிடலாமே என்றும் ஒருவர் கேட்டார். ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் அவற்றை வைத்திருக்க வேண்டும். தவிர, பில்களை அழித்தாலும் அட்டவணையின் கோப்பு வட்டில் சுருங்குவதில்லை.

மாற்றியபின் ஒவ்வொரு கடைக்கும் மாதவாரியாகப் பில் எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் இரு சர்வர்களிலும் ஒப்பிட்டுப் பார்ப்போம். எழுத்துக் குறியாக்கம் (எழுத்துகளைக் கணினி சேமித்து வைக்கும் முறை) பிசகினால் ‘கடலைப் பருப்பு’ வெறும் கேள்விக்குறிகளாகிவிடும் என்பதால், தமிழில் உள்ள சரக்குப் பெயர்களைத் தனியே சரிபார்ப்போம்.

ஞாயிறு இரவு 10 மணிக்குள் அன்றைய கணக்கை முடித்து, கடைசிப் பில் எண்ணைக் குறித்து வையுங்கள். திங்கள் காலை முதல் பில் அதற்கு அடுத்த எண்ணில் வராவிட்டால், மேற்கொண்டு பில் போடாமல் உடனே எங்களை அழையுங்கள். பழைய சர்வரை 30 நாட்களுக்கு அப்படியே வைத்திருப்போம்.

இப்படிக்கு,
தொழில்நுட்பப் பிரிவு